இரண்டு கப்பல்களுக்கு நடுவே

வீடு
ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எழுதிக்கொண்டே போனால் அப்புறம் கேட்க மனம் வருமோ வராதோ. எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை என்று எழுதத்தான் ஆசை.

பிப்ரவரியில் என் பிள்ளை எறும்பை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாய். "நான் கிளம்பறேன்க்கா" என்றாய். நான் திரும்பி உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு நீ எத்தனையோ தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. எடுத்தால் உன் குரல் கேட்கும். மாமன் குரலும் மருமகன் குரலும் அச்சு அசல் ஒன்று என்று எல்லோரும் சொல்வார்களே, அது இப்போது எனக்கு ஆகாத விஷயமாகிவிட்டது. கடிதத்துக்குக் குரல் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

அவனை எறும்பு என்று முதலில் கூப்பிட்டவன் நீ. ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறான் என்று பெயர் வைத்தாய். பெரிய பையனாகி உன் கப்பலுக்கே வேலைக்கு வந்த பிறகும் அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். இரங்கல் கடிதத்தில்கூட ஒருவர் அப்படியே எழுதியிருந்தார்.

கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. "சரக்கு மாற்றத்தின்போது ஏற்பட்ட எதிர்பாராத அசைவினால்" என் மகன் போனான் என்று அதில் இருக்கிறது. எந்த சரக்கு, எங்கே மாற்றினீர்கள், எது அசைந்தது? பிப்ரவரியோடு ஆஸ்பத்திரி லாண்டரி வேலையும் முடிந்துவிட்டது. பகல் முழுக்க எனக்கு இந்தக் காகிதம்தான். எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நீ அங்கே இருந்தாய்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஆலைக் கப்பல்
ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சப்ளை படகில் வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, வேலை முடியும்வரை பிரிக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ முழங்காலோடு மாடி ஏறாதே. மேலே என் அறையில் தட்டித் துடைக்க எதுவும் இல்லை.

புரிகிற மாதிரி எழுதச் சொன்னாய். முயற்சி செய்கிறேன்.

கடலுக்கு அடியிலிருந்து வரும் எரிவாயுவை எங்கள் கப்பலிலேயே குளிரவைத்துத் தண்ணீர் மாதிரி ஆக்கிவிடுவோம். ஒரு வீடு நிறைய இருக்கும் வாயு அப்போது ஒரு பீரோவுக்குள் அடங்கிவிடும். அந்தக் குளிர் நமக்குத் தெரிந்த குளிர் இல்லை அக்கா. சாதாரண இரும்பின்மேல் கொட்டினால் இரும்பு கண்ணாடி மாதிரி விரிசல் விட்டுவிடும்.

அதை ஏற்றிப்போக ஒரு டேங்கர் கப்பல் வந்து எங்களை ஒட்டி நிற்கும். துறைமுகம் என்றால் ஒரு பக்கம் தரை, அது அசையாது. இங்கே இரண்டு பக்கமும் அசையும். எங்கள் கப்பல் ஒரு மாதிரி ஆடும், டேங்கர் இன்னொரு மாதிரி ஆடும். போதாததற்கு, சரக்கு மாற மாற நாங்கள் மேலே எழும்புவோம், அது கீழே இறங்கும். நடுவில் பெரிய ரப்பர் மிதவைகள், இழுத்துப் பிடிக்கத் தடித்த கயிறுகள். இரண்டையும் இணைப்பது ஹோஸ் என்று நாங்கள் சொல்லும் வளைகிற குழாய்கள். கப்பல்கள் ஆடுகிறபடியெல்லாம் அவை வளைந்து கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் குளிரில் உலகத்தில் எதுவும் வளைய விரும்பாது. என் பிழைப்பே அந்தக் குழாய்களை வளையச் சொல்லிக் கெஞ்சுவதுதான்.

ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்துவதும் கஷ்டம். பாதி நிறைந்த தொட்டிதான் மோசம். உள்ளே இருப்பது அலையடித்துச் சுவரை மோதும். நிறைந்த தொட்டியும் காலித் தொட்டியும் சாதுவாக இருக்கும்.

அன்று கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கயிறு அறுந்தது. கப்பல்கள் விலக ஆரம்பித்தன. ஹோஸ்கள் விடுவிக்கப்பட்டன. ஒன்று திரும்பி வீசி வந்த வழியில் எறும்பு இருந்தான்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். படகு கிளம்புகிறது.

தம்பி

*

வீடு
ஜூலை 21

தம்பிக்கு,

நீ சுகம் என்று எழுதியதை நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்ய?

நன்றாகப் பரீட்சை எழுதியிருக்கிறாய். பக்கம் பக்கமாகக் குழாய். வளைகிறது, வளையாது, ஆடுகிறது, ஏறுகிறது. என் பிள்ளைக்குக் கடைசியில் ஒரு வரி. சின்ன வயதிலும் நீ இப்படித்தான். பால் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, பாத்திரம் எந்தக் கடையில் வாங்கியது என்று பேச ஆரம்பிப்பாய்.

ஆனாலும் எல்லாவற்றையும் படித்தேன். பீரோ உதாரணம் புரிந்தது. பாதித் தொட்டியும் புரிந்தது. எனக்குப் புரியாதது ஒரே ஒரு வார்த்தை. "விடுவிக்கப்பட்டன" என்று எழுதியிருக்கிறாய். தானாகவா? யாராவது விடுவித்தார்களா? யார்?

இன்னொன்று. அவனுக்கு வலித்ததா? இதை யாரிடமும் கேட்கவில்லை. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று நீதானே சொன்னாய். அதனால் உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மழைக்காலம் வருகிறது. ஈரத் துணியோடு நிற்காதே.

அக்கா

*

ஆலைக் கப்பல்
செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடல் மோசம், படகு பல வாரம் வரவில்லை. வந்த முதல் படகிலும் நான் எழுதிக் கொடுக்கவில்லை. கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் தேவலை.

வலிக்கவில்லை. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர், வலி தெரிவதற்கே நேரமில்லை என்றார். அடியெல்லாம் உடம்பில்தான், பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றது அதனால். முகத்தில் ஒன்றுமில்லை, தண்ணீர் மட்டும்தான் வழிந்துகொண்டிருந்தது. நான் துடைத்தேன். ஆறுதலுக்காக இதை எழுதவில்லை. வலித்திருந்தால் வலித்தது என்றே எழுதியிருப்பேன்.

ஹோஸ் கப்பலோடு சேரும் இடத்தில் ஒரு பூட்டு இருக்கிறது. கப்பல்கள் அளவுக்கு மேல் விலகினால் முதலில் பம்ப் நின்று, இரண்டு பக்கமும் வால்வு மூடிக்கொள்ளும். இன்னும் விலகினால் பூட்டு திறந்து ஹோஸ் தனியாகப் பிரியும். அது தானாகவும் நடக்கும். கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒருவர் சிவப்பு பட்டனை அழுத்தியும் நடக்கும். அன்று கப்பல் விலகிய வேகத்தில், தானாக நடக்கட்டும் என்று காத்திருந்தால் ஹோஸ் கிழிந்திருக்கும். கிழிந்திருந்தால் உள்ளே இருந்ததெல்லாம் மேல்தளத்தில் கொட்டியிருக்கும். நிற்கிறவர்கள் மேல், இரும்பின் மேல். ஒரு பொறி பட்டால் அதோடு இரண்டு கப்பலும். அதனால் அழுத்தியது சரி. நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

அடுத்த மாதம் எனக்கு லீவு. இங்கே ஆள் பற்றாக்குறை. நான் இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி

*

வீடு
செப்டம்பர் 30

தம்பிக்கு,

வலிக்கவில்லை என்று எழுதிய இடத்தை மட்டும் மடித்து வைத்திருக்கிறேன். அதற்காக நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் யார் என்று கேட்டேன். நீ பட்டனைப் பற்றி எழுதினாய், விரலைப் பற்றி எழுதவில்லை. பரவாயில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. போன வாரம் விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனுஷன், தண்ணீர் கொடுத்தால் டம்ளரை அவரே கழுவி வைத்தார். "கன்ட்ரோல் ரூம்ல இருந்தது ஒரு பொண்ணும்மா. கேமராவச் சரியா பாக்காம அழுத்திட்டாங்கன்னு சொல்றாங்க. இப்ப வேலைல இல்ல, நிறுத்தி வச்சிருக்காங்க" என்றார். நவம்பர் கடைசியில் விசாரணையாம். குடும்பத்தின் சார்பில் நான் வந்து சொல்லலாமாம். அந்தப் பெண்ணுக்கு இனி இந்த வேலையே கூடாது என்று நான் கேட்டால் அதற்கு எடை உண்டாம்.

கேட்கத்தான் போகிறேன். ஒரு பெண், என் பிள்ளை வயதுதான் இருக்குமாம், நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு பட்டனை அழுத்தினாள். எனக்கு எல்லாம் போயிற்று. அவளுக்கு வேலையாவது போகட்டும். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நேற்று நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்ல வெட்கமில்லை.

லீவை வேண்டாமென்று சொன்னதற்கு என்ன காரணம் எழுதினாலும் நான் நம்பமாட்டேன்.

அக்கா

*

ஆலைக் கப்பல்
அக்டோபர் 11

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை, மன்னித்துக்கொள். படகு பக்கத்தில் நிற்கிறது. தபால் பையைக் கட்டுகிறார்கள்.

அந்தப் பெண்மேல் எதுவும் சொல்லாதே. என் அடுத்த கடிதம் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே. அவளை இங்கே டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். யார் எதைத் தொட்டாலும் "கேட்டுட்டுத் தொட்டீங்களா?" என்று கேட்பாள். எங்கள் எல்லோரையும்விடக் கவனமானவள். கேமராவைப் பார்க்காமல் எதையும் செய்கிற ஆள் இல்லை.

மற்றதை நிதானமாக எழுதுகிறேன். எழுத வேண்டியது இருக்கிறது.

தம்பி

*

வீடு
அக்டோபர் 29

தம்பிக்கு,

நீ நல்லபடியாக இரு. நான் நல்லபடியாக இல்லை.

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில், நீ எந்தப் பக்கம்டா என்று கத்தினேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் கேட்க? அப்புறம் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அந்த அதிகாரியிடம் அழுது கேட்டு அவள் இருக்குமிடத்தை முன்பே வாங்கி வைத்திருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "யாருங்க?" என்றாள்.

"எறும்போட அம்மா."

அவள் கதவை முழுவதும் திறந்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். "உள்ள வாங்கம்மா. உக்காருங்க."

"உக்கார வரல" என்றேன். ஆனால் கால் கெஞ்சியது, உட்கார்ந்துவிட்டேன். அறைக்குள்ளேயே கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தாள். ஒரே ஒரு வேலை உடுப்பு. அழுக்கு இருந்து துவைத்த துணிக்கும், அழுக்கே இல்லாமல் திரும்பத் திரும்பத் துவைத்த துணிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். அதில் சாயமே மிச்சமில்லை.

"நீதான் அழுத்தினியா?"

"ஆமாம்மா. நான்தான்."

வேறு யார்மேலாவது போடுவாள், அழுவாள், காலில் விழுவாள் என்றெல்லாம் வழியில் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் எதுவும் செய்யவில்லை. சுவர் ஓரமாக நின்றாள்.

"கேமரா இருந்துச்சாமே. கண்ணு எங்க போச்சு?"

"பாத்தேம்மா. அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணிப் புகை. எதுவும் தெரியல. சைரன் அடிச்சேன். அழுத்தினேன்."

"தெரிஞ்சிருந்தா? என் புள்ள அங்க நிக்கறது தெரிஞ்சிருந்தா அழுத்தியிருக்க மாட்டியே?"

கீழே பஸ்காரர் ஊர் பெயர்களைக் கூவிக் கூவி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மாட்டேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அப்படியே எழுந்து வந்திருப்பேன்.

"அழுத்தியிருப்பேம்மா" என்றாள். "ஹோஸுக்குக் கீழ அத்தன பேர் நின்னாங்க. உங்க தம்பியும் அங்கதான் நின்னாரு."

நான் கையை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் பின்னாலிருந்து, தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி சொன்னாள்: "எறும்பு அங்க இருப்பாருன்னு யாருக்குமே தெரியாதும்மா."

ஏன் தெரியாது? இது என்ன பதில்? வேலை செய்கிறவன் எங்கே நிற்கிறான் என்று வேலை வாங்குகிறவர்களுக்குத் தெரியாதா?

நீ அங்கே நின்றதை இத்தனை கடிதத்தில் ஒரு தடவைகூட எனக்கு எழுதவில்லை. எழுத வேண்டியது இருக்கிறது என்றாயே, எழுது. விசாரணைக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

அக்கா

*

ஆலைக் கப்பல்
நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ மூன்று மாடி ஏறியதை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடு.

நான் நின்றேன். ஹோஸுக்கு நேர் கீழே. அது கிழிந்திருந்தால் முதலில் என்மேல்தான் கொட்டியிருக்கும். அவள் அழுத்தியதால் நான் இருக்கிறேன். இதை எப்படி உனக்கு எழுதுவேன்? எந்த வார்த்தையில் ஆரம்பித்தாலும், "உன் மகன் போனான், நான் தப்பித்தேன்" என்றுதான் முடிகிறது.

இனி விசாரணையில் நீ கேட்கப் போவதை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

சரக்கு மாறும்போது எங்கள் கப்பலின் பக்கவாட்டில் மேலிருந்து கீழே தண்ணீரை ஒரு திரை மாதிரி ஓடவிட்டுக்கொண்டே இருப்போம். எங்காவது கசிந்தால் அந்தக் குளிர் கப்பலின் இரும்பைத் தொடாமல் தண்ணீர் காக்கும். அந்தத் திரை நிற்கக்கூடாது. நின்றால் சரக்கு மாற்றத்தை நிறுத்தியாக வேண்டும். அன்று காலையில் தண்ணீர் வரும் முனைகளில் சில அடைத்துக்கொண்டன. கடல்நீர்தானே, சிப்பியும் துருவும் வந்து அடைக்கும்.

டீ குடிக்கும் இடத்தில் எறும்பு என்னிடம் வந்தான். "மாமா, கீழ முனை அடைச்சிருக்கு. ஒரு கம்பி போதும், நான் போய் குத்தி விட்டுட்டு வந்துடறேன்" என்றான்.

"டீச்சர்கிட்ட சொல்லு. பம்ப்ப நிறுத்திட்டுப் போ" என்றேன்.

"சரி மாமா" என்றான்.

சொல்லவில்லை. சொன்னால் அவள் பம்ப்பை நிறுத்துவாள். கடல் ஏறிக்கொண்டிருந்தது; நிறுத்தினால் டேங்கர் பாதித் தொட்டியோடு விலகிப் போய்விடும், கடல் அடங்கித் திரும்பி வந்தால்தான் வேலை முடியும். அவன் வாக்கி டாக்கியை மேலேயே வைத்துவிட்டு, ஹோஸ் மாட்டியிருக்கும்போது யாரும் போகக்கூடாத கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட்டான். தண்ணீர் இரைச்சலில் சைரன் கேட்டிருக்காது. கையில் அந்தக் கம்பி இருந்தது.

இதுதான் நடந்தது. டீச்சர் தவறு செய்யவில்லை. பூட்டு தவறு செய்யவில்லை. ஏன் சொல்லாமல் போனான் என்று எனக்குத் தெரியாது. வேலையில் ஆர்வம், அவசரம், என்னவோ. இளம் ரத்தம்.

அவனைக் குறை சொல்லி உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டி வந்ததே.

தம்பி

*

வீடு
டிசம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

விசாரணை முடிந்தது. நீளமான மேஜை, எல்லோருக்கும் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில். டீச்சர் கடைசி நாற்காலியில் இருந்தாள். உன் கடிதம் எனக்கு முந்தின நாள்தான் கிடைத்திருந்தது. நடுவில் இருந்தவர், "அம்மா, நீங்க என்ன சொல்ல விரும்பறீங்க?" என்றார். எழுந்தேன். எழுதி வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று.

"எம்புள்ள சொல்லாம போயிட்டான்" என்றேன். "போகக் கூடாத எடத்துக்குப் போனான். அந்தப் பொண்ணு செய்ய வேண்டியதச் செஞ்சா. அவ வேலைய அவளுக்குக் குடுத்துடுங்க."

உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான். வெளியே வந்ததும் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

இப்போது உனக்கு. ஏன் சொல்லாமல் போனான் என்று தெரியாது என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பொய் சொல்ல வராது தம்பி, எழுதவும் வரவில்லை. இளம் ரத்தமாம்! உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அவன் போனதற்கு மறுநாள் லாண்டரியில் எனக்குப் பிரிவு உபசார விழா வைத்திருந்தார்கள். முந்தின வாரம் போனில் அவன், "பாக்கறேம்மா, சரக்கு ஏத்தற வேல முடிஞ்சாத்தான் படகு வரும்" என்றான். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். ஆயுசெல்லாம் ஊரார் அழுக்கைத் துவைத்தவளை ஒரு நாள் ஒரு மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள், என் பிள்ளை பார்க்க வேண்டாமா என்று இருந்தது. "நீ வரலன்னா நான் அந்த நாற்காலில உக்கார மாட்டேன்" என்று போனை வைக்கப் போனேன். அவன் சிரித்தான். "வந்துடறேம்மா. எப்படியாவது வந்துடறேன்" என்றான்.

எப்படியாவது.

அவன் பையை நீங்கள் அனுப்பியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. துணியெல்லாம் மடித்து, பூட்டுப் போட்டிருந்தது. ஷிப்டு முடியாத ஆள் எதற்குப் பையைப் பூட்டுகிறான்? அன்றிலிருந்து நான் தேடியதெல்லாம் வேறு ஓர் ஆளை. கயிறு, கடல், பட்டன், அந்தப் பெண், நீ. யாராவது கிடைத்தால் போதும் என்று இருந்தது. உன்னை ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை என்று எழுத வந்தேன். அது பொய். ஆரம்பத்தில் தினமும் சொன்னேன். நீதானே அவனை அந்த வேலையில் சேர்த்தாய் என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். இப்போது சொல்வதில்லை.

நீ அந்த ஒன்றை எழுதாமல் விட்டது எனக்காக. தெரிகிறது.

அக்கா

*

ஆலைக் கப்பல்
ஜனவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

தூக்கம் வருவதில்லை. சாப்பாடு பரவாயில்லை. நீ நிஜமாகக் கேட்டதால் நிஜமாக எழுதுகிறேன்.

நீயாகச் சொல்லாமல் இருந்திருந்தால், நான் சாகும்வரை அதைச் சொல்லியிருக்க மாட்டேன். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. டீ குடிக்கும்போது அவன் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டேன். "இன்னிக்குப் படகப் பிடிக்கலன்னா அம்மா என்னையே துவைச்சுக் காயப் போட்டுடும் மாமா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். கோபமில்லாமல், பயமில்லாமல், உன்னைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில்தான் இருந்தான். உன்மேல் சத்தியம். அவன் போனதற்குக் காரணம் நீ என்று நினைக்காதே என்று எழுதினால் நீ கேட்கப் போவதில்லை. நானும் அப்படித்தான், யார் என்ன சொன்னாலும் கேட்கவில்லை. "டீச்சரிடம் சொல்லு" என்று சொன்ன வாயால் நானே ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கலாம். அவன் சரி என்றதும் நான் ஹோஸைப் பார்க்கப் போய்விட்டேன்.

கீழ்த்தட்டுக்கு இப்போது ஒரு கதவு வைத்திருக்கிறோம். ஹோஸ் மாட்டிய நிமிடம் அது பூட்டிக்கொள்ளும், கழற்றினால்தான் திறக்கும். முனை அடைத்தால் மேலிருந்தே தண்ணீரைத் திருப்பி அடித்துச் சுத்தம் செய்யலாம். வரைந்தது நான்தான். முதல் தடவை அது பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டபோது, கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒரு வருடம் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

டீச்சருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் கப்பலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கரையில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாளாம். நாங்கள் விளையாட்டாக வைத்த பெயர் பலித்துவிட்டது. கன்ட்ரோல் ரூமில் இப்போது வேறு ஆள். "கேட்டுட்டுத் தொட்டீங்களா?" என்று கேட்க யாருமில்லை. தொடுவதற்கு முன்னால் நாங்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்.

மாதக் கடைசியில் எனக்கு லீவு. போன வருடம் முழுக்க வேண்டாம் என்றேன். ஒரு தடவை கட்டாயமாக இறக்கிவிட்டபோது துறைமுகத்து லாட்ஜில் தங்கியதையும் உன்னிடம் சொல்லவில்லை. இந்தத் தடவை எங்கே போவது என்று தெரியவில்லை. மாடி அறை இன்னும் எனக்குத்தானா? இல்லை என்றாலும் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். என் குரலைக் கேட்க முடியாது என்று எழுதியிருந்தாய். வேண்டுமானால் பேசாமல் இருந்துகொள்கிறேன்.

தம்பி

*

வீடு
ஜனவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

பேசாமல் இருக்கிறானாம்! நீ பேசாமல் ஒரு வேளை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அவன் சொன்னதை நீ எழுதிய இடத்தை வாய்விட்டுப் படித்தேன். துவைச்சுக் காயப் போட்டுடும். அவன் சொல்வது மாதிரியே இருந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் மதியம் முழுக்க அழுதேன். இப்படி அழ ஒரு வருடம் ஆகியிருக்கிறது. நீ இதை எழுதாமலே இருந்திருக்கக் கூடாது. எழுதியதற்கு நன்றி.

வலி போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் "எப்படியாவது" என்ற அந்த ஒரு வார்த்தைதான் வருகிறது. அதோடுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன், அதோடுதான் கடைக்குப் போகிறேன். நீயும் அங்கே அப்படித்தான் இருப்பாய். ஆளுக்கொரு இடத்தில் தனியாக இருப்பதற்கு, ஒரே வீட்டில் இருந்து தொலைக்கலாம்.

மாடி அறையையும் ஜன்னல்களையும் திறந்து வைத்திருக்கிறேன். படுக்கை விரிப்பை நேற்று துவைத்தேன். படகு வரும் நாள் துறைமுக வாசலில் வந்து நிற்கிறேன். உன் குரலைக் கேட்டு நான் அழுதால் நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே இரு, நிறுத்தாதே.

கடல் சரியில்லை என்றால் அன்று வர வேண்டாம். மறுநாளும் வந்து நிற்பேன், அதற்கு மறுநாளும் நிற்பேன். எனக்கு வேறு வேலை இல்லை. எல்லாம் முடிந்து, கயிறெல்லாம் அவிழ்த்த பிறகு, மெதுவாக வா.

அவசரப்படாதே.

உன் அக்கா